உச்சி சுலபம், கணவாய்தான் வேலை: வேல்ஸ் குன்றுகளை லைடாரில் அளந்த பதிவு

வேல்ஸில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குன்று ஏறுகிறவர்களுக்கு, ஒரு குன்றின் உயரத்தைவிட அதன் ‘டிராப்’ முக்கியம். உச்சியிலிருந்து கிளம்பி, அதைவிட உயரமான வேறொரு குன்றுக்கு நடந்து போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியாகப் போனாலும் கொஞ்சமாவது இறங்கித்தான் ஆகவேண்டும். எந்த வழி நம்மை மிகக் குறைவாக இறக்குகிறதோ, அந்த வழியின் தாழ்ந்த புள்ளிதான் அந்தக் குன்றின் கணவாய். உச்சியின் உயரத்திலிருந்து கணவாயின் உயரத்தைக் கழித்தால் டிராப். 30 மீட்டர் வந்தால் ‘டம்ப்’ பட்டியலில் இடம் உண்டு. 100 வந்தால் ‘ஹம்ப்’, 150 வந்தால் ‘மாரிலின்’. ஸ்காட்லாந்தின் 3000 அடி மலைகளுக்கு மன்ரோ என்று பெயர். நடிகை மாரிலின் மன்ரோவை நினைத்து 1992-இல் அதை வைத்துச் செய்த குறும்புதான் மாரிலின். வேல்ஸுக்கென்றே தனிப் பட்டியல்களும் இருக்கின்றன. 300 மீட்டர் முதல் 400 வரை, 400 முதல் 500 வரை என்று பிரித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அதே 30 மீட்டர் டிராப் விதி.

என் கவனம் இதற்கெல்லாம் கீழே, 200 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் கிடக்கும் சின்னக் குன்றுகள் மேல். ஆட்டுப்பட்டிக்கும் வயலுக்கும் நடுவே நிற்கிற, யாரும் படம் எடுத்துப் போடாத குன்றுகள். இவற்றில் பலவற்றுக்கு வரைபடத்தில் உச்சி உயரமே அச்சாகியிருக்காது. 5 மீட்டர் இடைவெளியில் ஓடும் சம உயரக் கோடுகள்தான் கதி. உச்சியைச் சுற்றி 210 மீட்டர் வளையம், கணவாய் 180க்கும் 185க்கும் நடுவில் எங்கோ. அப்படியானால் உச்சி 210 முதல் 215 வரை எதுவாகவும் இருக்கலாம். டிராப் 25 முதல் 35 வரை எதுவாகவும் இருக்கலாம். 30 என்ற கோடு இதற்குள் எங்கே விழுகிறது என்று எப்படிச் சொல்வது?

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மனித் கிரைக் கோக் என்ற குன்றின் கதையைச் சொல்வேன். நான்ட்லெ முகட்டின் மேற்கு முனையில் இருப்பது. வரைபடத்தில் 609 மீட்டர். 2000 அடி என்பது 609.6 மீட்டர், அதைத் தொடாததால் மலைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. 2008-இல் மூன்று ஆர்வலர்கள் செயற்கைக்கோள் அளவைக் கருவியோடு ஏறி அளந்தார்கள். 609.75 என்று வந்தது. 15 சென்டிமீட்டரில் குன்று மலையாகிவிட்டது. 2010-இல் கிளிடர் வௌர் 999 மீட்டரிலிருந்து 1000.8 மீட்டருக்கு ஏறியதும் இப்படித்தான். இவையெல்லாம் ஆள் நேரில் ஏறி அளந்தவை. நான் செய்தது பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

தரவு

விமானத்திலிருந்து கீழே லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது லைடார். ஒரே துடிப்பின் ஒரு பகுதி மரத்தின் உச்சியில் பட்டுத் திரும்பும், மீதி இலை இடுக்கு வழியாகப் போய்த் தரையில் பட்டுத் திரும்பும். முதலில் திரும்பியதை வைத்துச் செய்வது டிஎஸ்எம்; மரம், கூரை எல்லாம் அதில் இருக்கும். மரத்தையும் கட்டடத்தையும் கழித்துத் தரையை மட்டும் வைத்துச் செய்வது டிடிஎம். குன்று அளக்க அடிப்படை டிடிஎம்தான். ஆனால் டிஎஸ்எம்மையும் சேர்த்தே இறக்கிக்கொள்ளுங்கள், காரணம் கீழே வரும்.

வேல்ஸில் முன்பெல்லாம் வெள்ள அபாயத்தைக் கணிக்கவே லைடார் பறந்தது. ஆற்றங்கரைக்கும் கடலோரத்துக்கும்தான் முன்னுரிமை. மேட்டு நிலத்துக்குப் போனால் தரவில் ஓட்டை. 2020 முதல் 2023 வரை வேல்ஸ் அரசு நடத்திய தேசியத் திட்டம் அந்த ஓட்டைகளை அடைத்தது. இப்போது ஒரு மீட்டர் கட்டத்தில் டேட்டாமேப்வேல்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. என்னைப் போன்றவர்கள் இந்த வேலையில் இறங்க அதுவே காரணம்.

இறக்கிய ஜியோடிஃப் துண்டுகளை (இடக் குறிப்போடு வரும் படக் கோப்புகள்) ஜிடால் என்ற நிரலைக் கொண்டு ஒரே மெய்நிகர் கோப்பாக ஒட்டி, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. தரவு பிரிட்டிஷ் தேசியக் கட்ட அமைப்பில், அதாவது இபிஎஸ்ஜி 27700-இல் வருகிறது. அதை அப்படியே விட்டுவிடுங்கள். கூகுள் வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கலாமே என்று வேறு அமைப்புக்கு மாற்றினால், ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பும் பக்கத்துக் கட்டங்களோடு கலந்து மறுகணக்காகிவிடும். கூரான உச்சி கொஞ்சம் மழுங்கும். உயரங்கள் கார்ன்வாலில் உள்ள நியூலின் துறைமுகத்தில் 1915 முதல் 1921 வரை பதிவான சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. வரைபட உயரங்களுக்கும் அதுதான் அடிப்படை என்பதால் நேரடியாக ஒப்பிடலாம்.

உச்சி

உச்சியைக் கண்டுபிடிப்பது பத்தில் எட்டுக் குன்றுகளில் ஒரு நிமிட வேலை. குன்றைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, உள்ளே பெரிய மதிப்பு எந்தக் கட்டத்தில் என்று கேட்டால் போதும். புல் போர்த்திய வழுவழுப்பான குன்று என்றால் அந்த எண்ணை நம்பலாம். இவ்வகைத் தரவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் செங்குத்துப் பிழை 15 சென்டிமீட்டர் அளவில்.

மீதி இரண்டில்தான் சுவாரசியம்.

பெம்ப்ரோக்ஷரில் செயின்ட் டேவிட்ஸ் பக்கம் இருக்கும் கார்ன் லிடி போன்ற பாறைத் தலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி என்பது ஒரு ஆள் நிற்கிற அளவுப் பாறை. லேசர் புள்ளி அதன் நுனியில் விழவேண்டும் என்று கட்டாயமில்லை. அப்படியே விழுந்தாலும், தரையைப் பிரித்தெடுக்கும் மென்பொருள், ‘இவ்வளவு செங்குத்தாக எழுகிறதே, இது கட்டடமாக இருக்கும்’ என்று முடிவு செய்து வெட்டிவிடலாம். டிஎஸ்எம் இதற்குத்தான். இரண்டையும் கழித்துப் பார்த்தால், மரமே இல்லாத வெட்டவெளிப் பாறையில் டிஎஸ்எம் மட்டும் எழும்பி நிற்கும். அப்படி இருந்தால் அங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குன்றுக்கு லைடார் எண் கீழ்வரம்பு மட்டுமே. நேரில் போய் அளக்காமல் முடியாது.

தோட்டக்காடு இன்னொரு தலைவலி. சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை நெருக்கமாக நட்ட இடங்களில் துடிப்பு தரைக்கே போவதில்லை. எங்கோ கிடைத்த நாலைந்து தரைப் புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்து டிடிஎம் செய்திருப்பார்கள். ஹில்ஷேட், அதாவது மேடு பள்ளத்தை ஒளியும் நிழலுமாகக் காட்டும் படம், போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: வெட்டவெளியில் பள்ளமும் வரப்பும் ஆட்டுத்தடமும் துல்லியமாகத் தெரிய, காட்டு எல்லையைத் தாண்டியதும் தரை பெரிய பெரிய முக்கோணத் தகடுகளாக மாறிவிடும். தகட்டின் நடுவில் வரும் உயரம் யாரும் அளந்ததல்ல. அங்கே உச்சி விழுந்தால் நான் எண்ணே எழுதுவதில்லை.

அப்புறம் தண்ணீர்த் தொட்டிகள். தெற்கு வேல்ஸ் ஊர்களுக்கு மேலே உள்ள மேடுகளில் மூடிய நீர்த்தேக்கத் தொட்டியைக் கட்டி, மேலே மண் போட்டுப் புல் வளர்த்திருப்பார்கள். டிடிஎம்முக்கு அது தரைதான். ஹில்ஷேட்டில் செவ்வகமாக, ஓரங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். இயற்கை அவ்வளவு நேராகக் கோடு போடாது.

சரி, தொட்டியைக் கழித்துவிடலாம். ஆனால் கார்டிஃபுக்கு வடமேற்கே உள்ள கார்த் குன்றை என்ன செய்வது? 307 மீட்டர். உச்சியில் இருப்பது வெண்கலக் காலத்துப் புதைமேடு. அதன் தலையில்தான் அளவைத் தூண் நிற்கிறது. மனிதர் குவித்த மண்தான், ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குன்றோடு குன்றாகிவிட்டது. பழைய புதைமேட்டை உச்சியாக ஏற்பதும், நேற்று யாரோ அடுக்கிய கற்குவியலை ஏற்காமல் விடுவதும் பட்டியல்காரர்களின் பொது வழக்கம். நானும் அப்படியே செய்கிறேன். இதற்கு நேர்மாறான கதை வடக்கு வேல்ஸில் உள்ள பென்மைன்மௌர் குன்றுடையது. அதன் உச்சியில் பிரைக் ஈ டினாஸ் என்ற இரும்புக் காலக் கோட்டை இருந்தது. 1920களில் கல் குவாரி அதை உச்சியோடு சேர்த்தே தின்றுவிட்டது. லைடார் அளப்பது மிச்சத்தை.

கணவாய்

இனி உண்மையான வேலை. உச்சி நம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கணவாய் எங்கோ பல கிலோமீட்டர் தள்ளி, ஒரு வயல் மூலையில், எந்த அடையாளமும் இல்லாமல் இருக்கலாம். நேரில் நின்றாலும் ‘இதுதான் அந்த இடம்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. தரை அவ்வளவு தட்டையாக இருக்கும்.

இதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி உண்டு. வேல்ஸ் முழுவதும் கடலில் மூழ்கியிருக்கிறது என்று வைத்து, நீர்மட்டத்தை மெல்ல இறக்கவேண்டும். முதலில் 1085 மீட்டரில் ஸ்னோடன் ஒரு தீவாகத் தலை காட்டும். நீர் இறங்க இறங்க மற்ற உச்சிகளும் தீவுகளாக எழும். இரண்டு தீவுகள் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் நீர்மட்டம் என்னவோ அதுவே கணவாயின் உயரம். ஒட்டியவற்றில் உயரம் குறைந்த தீவுக்கு அங்கே கணக்கு முடிகிறது. உயர்ந்த தீவு தொடர்ந்து வளரும். கட்டங்களை உயரப்படி இறங்குமுகமாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகச் சேர்த்து, எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்தோடு சேர்கிறது என்று குறித்துக்கொண்டே போகும் சிறு பைத்தான் நிரல் போதும்.

போதும், நினைவகம் இருந்தால். 20 கிலோமீட்டர் சதுரம் ஒரு மீட்டர் கட்டத்தில் 40 கோடி கட்டங்கள். உயரங்களுக்கு மட்டும் 1.6 ஜிகாபைட், வரிசைப்படுத்தும் சுட்டெண்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. என் மடிக்கணினி இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் இரண்டு படியாகச் செய்தேன். முதலில் 10 மீட்டர் கட்டமாகச் சுருக்கி ஓடவிட்டுக் கணவாய் இருக்கக்கூடிய இடங்களைப் பிடிப்பது. பிறகு அந்த இடங்களை மட்டும் ஒரு மீட்டர் தரவில் அலசுவது.

சுருக்கும்போது எந்த மதிப்பை எடுப்பது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சராசரியை எடுத்தால் ஒடுங்கிய முகடுகள் கரைந்து, கணவாய் உள்ளதைவிடத் தாழ்வாக வரும். பெரியதை எடுத்தால் முகடு பிழைக்கும். ஆனால் ஐந்தாறு மீட்டர் அகலத்தில் ஓடை அறுத்துப்போன பள்ளம் அடைபட்டு, சேராத குன்றுகள் சேர்ந்துவிடும். நான் இரண்டையும் ஓடவிட்டு, இரண்டும் வேறு வேறு இடத்தைக் காட்டும் குன்றுகளைத் தனியாக எடுத்து வைத்தேன். சிக்கல் எல்லாம் அந்தக் கும்பலில்தான் இருந்தது.

அதில் பாதி, மனிதர் செய்த வேலை. பள்ளத்தாக்கின் குறுக்கே சாலைக்காக மண்ணைக் கொட்டி மேடாக்கி, அடியில் ஓடைக்குக் குழாய் பதித்திருப்பார்கள். பாலம் என்றால் டிடிஎம்மில் நீக்கிவிடுவார்கள், மண்மேடு அப்படியே நிற்கும். நிரல் அதன் மேலேறி அக்கரைக்குப் போய்விடும். குன்று தவறான பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கு நேர் எதிரானது ரயில்பாதை வெட்டு. மத்திய வேல்ஸில் டலெர்த்திக் என்ற இடத்தில், மாகன்லெத் நோக்கிப் போகும் பாதைக்காக நீர்ப்பிரி முகட்டையே பாறையோடு அறுத்திருக்கிறார்கள். சுமார் 120 அடி ஆழம். 1863-இல் திறந்த பாதை அது. 120 அடி என்றால் 36 மீட்டருக்கும் மேல். ஒரு டம்ப்புக்கு வேண்டிய டிராப்பையே தாண்டிவிட்டது. இப்படி ஒரு வெட்டைக் கணவாய் என்று ஏற்றால், பக்கத்தில் உள்ள மேடு ஒரே கையெழுத்தில் பட்டியலுக்குள் வந்துவிடும். நான் ஏற்பதில்லை. வெட்டின் இரு கரைகளையும் இணைத்துப் பழைய தரை எங்கே ஓடியிருக்கும் என்று குறுக்குவெட்டு வரைந்து மதிப்பிட்டு, அருகிலேயே ‘மதிப்பீடு’ என்று எழுதிவிடுகிறேன்.

ஒரு வரப்பு

இத்தனையிலும் என்னை அதிகம் உட்காரவைத்தது மேற்கு வேல்ஸில் ஒரு தனியார் பண்ணைக்குள் இருக்கும் குன்று. வரைபடத்தில் பெயர் இல்லை. பண்ணை யாருடையது என்று காட்டிக்கொடுக்கும் என்பதால் இடத்தையும் சொல்லவில்லை. உச்சி வழுவழுப்பான மேய்ச்சல் புல், 214.6 மீட்டர். சந்தேகத்துக்கு இடமில்லாத எண். நிரல் சொன்ன கணவாய் 185.4. டிராப் 29.2. பட்டியலில் இடமில்லை.

ஆனால் கணவாய் விழுந்திருந்த இடம் உறுத்தியது. பெரிதாக்கிப் பார்த்தால், தாழ்வின் குறுக்கே, இந்தக் குன்றிலிருந்து எதிர்க் குன்றை நோக்கி, மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. கணவாய்க் கட்டம் சரியாக அந்தக் கோட்டின் முதுகில். மேற்கு வேல்ஸ் வயல்களில் வேலி என்பது கம்பியும் கட்டையும் மட்டுமல்ல. மண்ணும் கல்லும் சேர்த்து இடுப்பளவு, சில இடங்களில் நெஞ்சளவு உயர்த்திய வரப்பு, அதன் மேல் முட்புதர். டிடிஎம் புதரைக் கழித்துவிட்டு வரப்பை வைத்துக்கொண்டது. நிரல் அந்த வரப்பின் மேலேயே நடந்து அக்கரைக்குப் போயிருக்கிறது. இருபுறமும் வயலின் தரையை எடுத்தால் 184.1. டிராப் 30.5.

வரப்பு பள்ளத்தாக்கிலிருந்து பள்ளத்தாக்குக்கு ஓடியிருந்தால் பிரச்சினையே இல்லை. குன்றிலிருந்து குன்றுக்குப் போகிறவர் அதில் ஏறி இறங்கவேண்டும், அவ்வளவுதான். தாழ்ந்த புள்ளி வயலிலேயே இருக்கும். குன்றுகளை இணைத்து ஓடும்போதுதான் வரப்பு கணவாயைத் தூக்குகிறது. தாழ்ந்த இடத்தில் ஒரு கதவுக்காக வரப்பை உடைத்திருந்தாலும் நிரல் அங்கே தரையில் இறங்கியிருக்கும். இங்கே கதவு சரிவில் தள்ளி, 186 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஒரு விவசாயி எங்கே கதவு வைத்தார் என்பதில் ஒரு குன்றின் தகுதி தொங்குகிறது.

பிழைக்கணக்கையும் பார்த்துவிடலாம். உச்சிக்கு 15 சென்டிமீட்டர், கணவாய்க்கு 15 சென்டிமீட்டர் என்று தனித்தனியாக வைத்தால் டிராப்பில் பிழை சுமார் 21 சென்டிமீட்டர். இரண்டும் ஒரே பறப்பில் எடுத்தவை என்றால் பொதுவான ஏற்ற இறக்கம் கழித்தலில் அடிபட்டுப்போகும், பிழை இன்னும் குறையும். 30.5-க்கும் 30-க்கும் நடுவே அரை மீட்டர் இருக்கிறது. ஆக லேசரில் சந்தேகமில்லை. எது தரை என்பதில்தான் சந்தேகம்.

நேரில் பார்க்காமல் முடிக்க மனமில்லை. பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்டேன். “குன்றா? எங்கே? ஓ, அது எங்கள் மேல்வயல்” என்றார். அளந்தால் வரி ஏதும் ஏறுமா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, ஆடுகள் இருக்கின்றன, கதவை மூடிவிட்டுப் போங்கள் என்று அனுப்பினார். கட்டட வேலையில் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் சாதாரண ஆட்டோ லெவல், முக்காலி, ஸ்டாஃப் என்ற நெடிய அளவுகோல் எல்லாம் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். முக்காலியை வயலில் வைத்துக் குமிழியைச் சரிசெய்து, ஸ்டாஃபை முதலில் வரப்பின் முதுகில், பிறகு இருபுற வயலிலும் நிறுத்தி வாசித்தேன். வரப்பு முதுகில் முட்புதரை விலக்கி ஸ்டாஃபின் அடி மண்ணில் படும்படி வைப்பதுதான் பெரும்பாடு. கையுறை இல்லாமல் போகாதீர்கள். ஒரு பக்கத்து வயலைவிட வரப்பு 1.3 மீட்டர் உயரம், மறுபக்கம் 1.2. லைடார் சொன்னதோடு பொருந்துகிறது. ஒரு பக்கம் மண்ணை வாரி வரப்பில் போட்ட ஆழமில்லாத பள்ளம் இன்னும் தெரிகிறது. அதைத் தவிர்த்து நாலு மீட்டர் தள்ளி வாசித்தேன். பள்ளத்தின் அடியைக் கணவாய் என்று எடுப்பது, வரப்பின் தலையை எடுப்பதைப் போலவே தப்பு.

வயல் தரைதான் கணவாய், டிராப் 30.5, இந்தக் குன்று டம்ப் என்று எழுதினேன். எழுதிய கையோடு கார்த் குன்று நினைவுக்கு வந்தது. அங்கே மனிதர் குவித்த மண்ணை உச்சியாக ஏற்றுக்கொண்டு, இங்கே மனிதர் குவித்த மண்ணைக் கணவாயிலிருந்து தள்ளுகிறேனே? வயதை வைத்துத்தான் இதற்குச் சமாதானம் சொல்லமுடியும். ஆனால் இந்த வரப்பு எப்போது போட்டது என்று யாருக்குத் தெரியும்? நானூறு, ஐந்நூறு ஆண்டு என்றால் என்ன செய்வது? பட்டியல்களின் விதியில் இது சரியாக அடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. தொழில்நுட்பம் சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. விதி இன்னும் சம உயரக் கோடுகளின் காலத்திலேயே நிற்கிறது.

அதனால் அட்டவணையில் டிராப்புக்கு ஒரு பத்தி இருந்த இடத்தில் இரண்டு வைத்துவிட்டேன்: ‘உள்ளபடி’ ஒன்று, ‘இயற்கைத் தரைப்படி’ இன்னொன்று. வகைப்படுத்துவது இரண்டாவதை வைத்து. முதலாவது அதோடு முரண்பட்டால் அந்த வரிக்கு மஞ்சள் நிறம். இந்தக் குன்றின் வரி மஞ்சள்: 29.2, 30.5, டம்ப். பழைய வரிகளையும் இதே கணக்கில் மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். குன்றிலிருந்து குன்றுக்கு ஓடும் வரப்புகள் நான் நினைத்ததைவிட நிறைய இருக்கின்றன, குறிப்பாக பெம்ப்ரோக்ஷரில்.